அரைக் கிண்ணத் தேநீர்: கிர்கிஸ்தானில் பத்து நாள்

2025 மே 22, வியாழன் – பிஷ்கெக்

கிர்கிஸ்தானில் ஒரு சோம் ஏறக்குறைய ஒரு ரூபாய். 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதைவிடத் தோதான வெளிநாடு அமையாது. தண்ணீர் பாட்டில் 40 சோம் என்றால் 40 ரூபாய். பெருக்க வேண்டாம், வகுக்க வேண்டாம். இந்த நாட்டில் எனக்குச் சுலபமாக இருந்தது இது ஒன்றுதான் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

மகள் இங்கே மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற வருடம், 2024 மே 17 இரவு, பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளை ஒரு கூட்டம் தாக்கியது. 'யாரும் வெளியே வர வேண்டாம்' என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது. காயல்பட்டினத்தில் நானும் என் மனைவியும் விடிய விடிய போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. பென்ஷன் பணத்தில் டிக்கெட் எடுக்க ஒரு வருடம் ஆகிவிட்டது.

அந்த இரவுக்குப் பிறகு மகள் விடுதியை விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கு எழுபது வயது. இங்கே மூத்த பெண்களை 'எஜே' என்கிறார்கள், நம் அக்கா மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். எஜே எனக்குத் தேநீர் ஊற்றினார். காது இல்லாத கிண்ணம், 'கெசெ' என்று பெயர். அதில் பாதிகூட இல்லை. நான்கு மடக்கில் தீர்ந்தது. மறுபடி அரைக் கிண்ணம். இவ்வளவு தூரம் வந்தவனுக்கு இப்படியா அளந்து ஊற்றுவது என்று முகம் சுண்டிவிட்டது போல.

"வாப்பா, கிண்ணம் நிறைய ஊத்தினா 'குடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தம்" என்றாள் மகள் தமிழில். "கொஞ்சமா ஊத்தினா நீங்க ரொம்ப நேரம் இருக்கணும்னு விரும்புறாங்க. சூடும் ஆறாது."

அன்று ஒன்பது கிண்ணம் குடித்தேன். இரவில் தூக்கம் வரவில்லை.

மே 23, வெள்ளி – பிஷ்கெக்

காலையில் மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நம்மூரில் சுபுஹு என்ற விடியல் தொழுகை முடிந்து பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போவார்களே, அந்த மக்தபு இங்கே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. எஜேயிடம் "மக்தப்?" என்றேன். அவர் முகம் மலர்ந்து "மெக்தெப்!" என்று திருத்தி, தெருக்கோடியைக் காட்டினார். போனேன்.

மூன்று மாடி சோவியத் கட்டடம். வாசலில் ரோஜாச் செடிகள். உள்ளே ஒலிபெருக்கியில் வால்ட்ஸ் இசை. கறுப்புக் கவுன், வெள்ளை ஏப்ரன், தலையில் முயல்குட்டி அளவுக்கு வெள்ளை ரிப்பன் வைத்த பெண்பிள்ளைகளும், குறுக்கே பட்டை அணிந்த பையன்களும் கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓதுகிற பிள்ளைகளைத் தேடி வந்தவன் தொப்பியும் தஸ்பீஹு மணிமாலையுமாக வாசலில் நிற்கிறேன்.

விஷயம் இதுதான். இங்கே 'மெக்தெப்' என்றால் சாதாரணப் பள்ளிக்கூடம். குர்ஆன் ஓதித் தருகிற இடத்துக்கு 'மெத்ரெசெ'. நாங்கள் மதப் பாடத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் அரபுச் சொற்களை இவர்கள் அன்றாடத்துக்கு எடுத்துக்கொண்டு விட்டார்கள். பாடத்துக்கு 'சபக்', புத்தகத்துக்கு 'கிதெப்', ஆசிரியருக்கு 'முகாலிம்', அதாவது நம் முஅல்லிம். வேதியியல் நடத்துகிற ரஷ்யப் பெண்மணியும் இங்கே முகாலிம்தான்.

காவலாளி என் மகன் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆசிரியை வந்து நான் யார் என்று விசாரித்தார். கணக்கு வாத்தியார் என்றதும் கதையே மாறிவிட்டது. ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் தேநீர், ஜாம், பொரித்த மாவுத்துண்டு போர்சோக் எல்லாம் வைத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிகிறதாம், 'கடைசி மணி' விழாவுக்கு ஒத்திகை. அப்போதிலிருந்து எஜே வீட்டிலும் தெருவிலும் நான் 'முகாலிம்' ஆகிவிட்டேன்.

ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இமாம் சரக்சி பள்ளிவாசல். துருக்கி அரசின் சமய விவகாரத் துறை கட்டிக் கொடுத்து, 2018இல் துருக்கி அதிபர் எர்தோவான் வந்து திறந்துவைத்தது. நான்கு மினாரா, அடுக்கடுக்காகக் குவிமாடம். அங்காராவைத் தூக்கிவந்து வைத்தது போல இருக்கிறது. பின்னால் பனிமலை மட்டும் இந்த ஊருடையது. சரக்சி பதினோராம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர், ஹனஃபி என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவைச் சேர்ந்தவர். கிணற்றுச் சிறையில் கிடந்தபடியே மேலே நின்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லி எழுதவைத்தார் என்பார்கள். வகுப்பறை சரியில்லை என்று 34 வருடம் புலம்பியவன் நான்.

இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி முடித்தார். நான் பழக்கப்படி உரத்து "ஆமீன்" என்றேன். அவ்வளவு பெரிய கூடத்தில் அது என் குரல் மட்டும். ஷாஃபி என்ற இன்னொரு சட்டப் பிரிவைச் சேர்ந்த நாங்கள் ஆமீனைக் கூட்டாக, சத்தமாகச் சொல்வோம். ஹனஃபிகள் மனசுக்குள் சொல்வார்கள். கித்தாபில் படித்தது உண்டு, நானே பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் தெரிந்து வைத்திருப்பது வேறு, தொண்டை கேட்பது வேறு. முன் வரிசைப் பையன் ஒருவன் தோள் குலுங்கச் சிரித்தான். தொழுகை முடிந்ததும் வெள்ளை உல்லன் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "ஷாஃபி?" என்றார். தலையாட்டினேன். "ஜக்ஷி, ஜக்ஷி" என்று தட்டிக்கொடுத்தார். நல்லது, நல்லது.

அசர் என்ற பிற்பகல் தொழுகையும் அப்படித்தான். ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் ஒரு மடங்கு ஆனதும் எங்களுக்கு வக்து, அதாவது நேரம், வந்துவிடும். இவர்களுக்கு இரண்டு மடங்கு ஆக வேண்டும். நம் கணக்கில் நேரத்தோடு போய் நின்றால் பள்ளியில் ஒரு ஆள் இல்லை.

மே 24, சனி – பிஷ்கெக்

ஓஷ் பஜார். வட்ட வட்டமாக, நடுவில் பூ முத்திரை குத்திய நான் ரொட்டி, ஒன்று 35 சோம். வாங்கிப் பையில் கவிழ்த்து வைத்தேன். கடைக்காரப் பெண் பதறி எடுத்து நிமிர்த்தினார். ரொட்டியைக் கவிழ்ப்பது பாவம் மாதிரி. திட்டவில்லை, ஆனால் அந்தப் பார்வை திட்டுதான்.

தெருமுனைகளில் பீப்பாய் வைத்து மக்சிம் விற்கிறார்கள். தானியத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்தது. 30 சோம். முதல் மடக்கிலேயே தெரிந்துவிட்டது, இது நம் புளித்த கூழேதான். வெங்காயமும் மோர் மிளகாயும் இல்லாத குறை மட்டும். வெயில் 30 டிகிரி இருக்கும். ஆனால் ஊரில் போல உடம்பு பிசுபிசுக்கவில்லை.

அப்புறம் குதிரைக் கறி வரிசை. குதிரைக் கொழுப்பும் கறியும் திணித்த சுச்சுக் என்கிற தொத்திறைச்சி கயிறு கயிறாகத் தொங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷாஃபி மத்ஹபில், அதாவது எங்கள் சட்டப் பிரிவில், குதிரை ஹலால், தாராளமாகச் சாப்பிடலாம். அதை வெறுத்து ஒதுக்கியவர் ஹனஃபிகளின் இமாம் அபூ ஹனீஃபா. ஆக, சட்டப்படி நான்தான் சாப்பிட வேண்டும், அவரைப் பின்பற்றுகிற கிர்கிஸ்காரர்கள் ஒதுங்க வேண்டும். நடப்பதோ, அவர்கள் விருந்தில் குதிரை இல்லை என்றால் விருந்தே இல்லை. நான் ஒரு துண்டை வாய்வரை கொண்டுபோய் அப்படியே வைத்துவிட்டேன். சட்டம் அனுமதித்தும் தொண்டை அனுமதிக்கவில்லை. மறுபக்கம், எங்களுக்கு இறால் இல்லாமல் வாரம் ஓடாது. கண்டிப்பான ஹனஃபிக்கு அது ஆகாது. எஜேயிடம் போனில் இறால் படம் காட்டினேன். "பூச்சி" என்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

மே 25, ஞாயிறு – பிஷ்கெக்

இன்றைய இரவை எழுதத்தான் இவ்வளவும்.

எஜேயின் மகன் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது, பொறியாளர். பெஷ்பர்மக் சமைத்திருந்தார்கள். 'ஐந்து விரல்' என்று பொருள், கையால் சாப்பிடுவது. நறுக்கிய ஆட்டுக்கறி, கீழே மெல்லிய மாவுப் பட்டை, மேலே வெங்காயம். எனக்காகக் குதிரை வேண்டாம் என்று ஆடு. மசாலா கிடையாது, உப்பும் மிளகும்தான். ஒரே பெரிய தட்டில் எல்லாரும் கைவைத்தபோது எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுச் சகன் சாப்பாடு நினைவு வந்தது. அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. பிசையத் தெரிந்த விருந்தாளியைப் பார்த்து எஜேக்கு ஒரே சந்தோஷம்.

சாப்பாட்டு மேஜையில் ஓட்கா பாட்டிலும் இருந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் எஜே இரண்டு கையும் ஏந்தி, என் பயணத்துக்கும் மகள் படிப்புக்கும் கிர்கிஸ் மொழியில் துஆ கேட்டு, "ஓமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். அதே கை பத்து நிமிடம் முன்பு சிறிய கிளாசைத் தூக்கியது. எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த துஆ பொய்யில்லை என்பதும் தெரிந்தது.

மகன் நல்ல ஆங்கிலம் பேசினார். எங்கே படித்தீர்கள் என்றேன். "துருக்கிப் பள்ளியில். பன்னிரண்டு வயதில் சேர்ந்தேன்." சோவியத் யூனியன் 1991இல் உடைந்தது. சம்பளம் இல்லாமல் ஆசிரியர்கள் பஜாரில் துணி விற்கப் போன காலம். 1992இல் துருக்கியிலிருந்து இளைஞர்கள் வந்து 'செபாத்' என்ற பெயரில் பள்ளிகள் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த துருக்கி மதகுரு ஃபெத்துல்லா குலெனைப் பின்பற்றியவர்கள் இவர்கள். மதகுருவின் ஆட்கள் என்றாலும் பாடத்திட்டம் உலகியல் பாடத்திட்டம்தான். அறிவியல் ஆங்கிலத்தில், கூடவே துருக்கி, கிர்கிஸ், ரஷ்யன். நுழைவுத் தேர்வு கடினம். பெற்றோர்கள் வரிசையில் நின்றது ஒலிம்பியாட் மெடலுக்காக.

"விடுதியில் எங்களுக்கு ஒரு 'அபி' இருப்பார். அண்ணன் என்று அர்த்தம். பல்கலைக்கழகம் முடித்த துருக்கிப் பையன். விடியலில் எழுந்து தொழுவார். எங்களை எழுப்ப மாட்டார், விளக்கை மட்டும் போட்டுவிடுவார்." சிரித்தார். "நாங்களாகவே ஒருத்தர் ரெண்டு பேர் போய் நிற்போம். குளிர் காலத்தில் யாரும் போக மாட்டோம்."

அந்தத் துருக்கியர்கள் 'தாதையர் நாடு' என்ற பாசத்தோடு வந்தவர்கள். மொழியும் கிட்டத்தட்ட ஒன்று. மதம் ஒன்று, மத்ஹபுகூட ஒன்று. அதனால் தம்பி வீட்டுக்கு வருவதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் தம்பி குதிரைக் கறி தின்கிறான், போதையேறும் குதிரைப்பால் குடிக்கிறான், விழாவில் அம்மாவும் பாட்டியும் எழுந்து ஆடுகிறார்கள். முதல் வருடப் பெற்றோர் தினத்தில் இவருடைய அப்பா, ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு பாட்டில் ஓட்கா கொண்டுபோனாராம். அபி அதை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் குளியலறையில் வாசனை வந்தது. ஊற்றிவிட்டார்.

"அப்பாவிடம் சொன்னீர்களா?" என்றேன்.

"நாற்பது வயதுக்குப் பிறகுதான் சொன்னேன்."

எஜே குறுக்கே எதோ சொல்ல, மகன் மொழிபெயர்த்தார். "ரஷ்யாக்காரன் எழுபது வருஷம் நான்தான் மூத்த அண்ணன் என்றான். அவன் போனதும் துருக்கிக்காரன் நான்தான் அண்ணன் என்று வந்தான். அப்புறம் அரபுக்காரன். எங்களுக்கு அண்ணன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் என் பையனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது அந்த அண்ணன்தான், அதை மறக்க மாட்டேன்."

மிச்சக் கதையை மகன் மெல்லிய குரலில் சொன்னார். 2016 ஜூலையில் துருக்கியில் ராணுவக் கலகம் தோற்றது. குலென்தான் காரணம் என்றது எர்தோவான் அரசு. குலென் மறுத்தார். உலகம் முழுக்க அந்தப் பள்ளிகளை மூடு, அல்லது எங்களிடம் கொடு என்று துருக்கி கேட்டது. பாகிஸ்தான் துருக்கி ஆசிரியர்களை நாட்டை விட்டுப் போகச் சொன்னது. கிர்கிஸ்தான் அப்போது மசியவில்லை. 2017இல் பெயரை மட்டும் 'சபாத்' என்று மாற்றிக்கொண்டார்கள். 2021 மே 31 மாலை அந்தப் பள்ளிகளின் தலைவர் ஓர்ஹான் இனான்டி பிஷ்கெக்கில் காணாமல் போனார். அவர் கிர்கிஸ் குடியுரிமை பெற்றவர். ஐந்து வாரம் கழித்து, துருக்கி உளவுத்துறை அவரைக் கொண்டுவந்துவிட்டதாக எர்தோவானே அறிவித்தார். 2023இல் 21 வருடத் தண்டனை. 2024இல் பள்ளிகளின் நிர்வாகம் துருக்கி அரசின் மாரிஃப் அறக்கட்டளையிடம் போனது.

"என் பையன் அதே பள்ளியில்தான் படிக்கிறான். அதே கட்டடம், அதே மணி. சுவரில் படம்தான் வேறே." இதற்கு மேல் அவர் பேசவில்லை. பையன் மேஜைக்கடியில் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

நான் பாளையங்கோட்டையில் சேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் பள்ளியில் படித்தவன். என்னை அங்கே சேர்க்கும்போது வாப்பாவிடம் ஊரில் சிலர், பையன் சிலுவை போட்டுக்கொண்டு வருவான் என்றார்கள். நான் லாகரிதம் போட்டுக்கொண்டு வந்தேன். இதை மகனிடம் சொன்னதும் எஜேக்கு மொழிபெயர்த்தார். அவர் எனக்கு இன்னும் கால் கிண்ணம் ஊற்றினார்.

மே 27, செவ்வாய் – கராகோல் போகும் வழி

மார்ஷ்ருத்கா என்ற வேன். ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். வழியில் ஏறிய ஒரு பாட்டிக்கு மூன்று பையன்கள் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். சொல்லவே தேவையில்லை. நம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துத் தூங்குகிற கலை இங்கே இன்னும் வரவில்லை.

சாலையோரம் கபுருஸ்தான்கள், அதாவது அடக்கத்தலங்கள், குட்டி ஊர் மாதிரி. செங்கல் குவிமாடம், இரும்பில் பிறை, பளிங்கில் இறந்தவரின் முகம் அப்படியே செதுக்கியது. எங்கள் ஊரில் மணலும் அடையாளத்துக்கு இரண்டு மீசான் கல்லும்தான். கபுரில் உருவப்படமா என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது வேனில் எல்லாரும், காதில் ஹெட்போன் மாட்டிய பெண்ணும் டிரைவரும் உட்பட, கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தடவினார். மூன்றாவது கபுருஸ்தானில் என் கையும் தானாக எழுந்தது.

பாலிக்சி என்ற ஊர். பெயருக்கே மீனவன் என்று பொருள். ரோட்டோரம் பெண்கள் இசிக்-குல் ஏரி மீனைக் காயவைத்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கருவாடு! 1,600 மீட்டர் உயரத்தில், கடலே இல்லாத நாட்டில். ஒரு சரம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மகள் அடுத்த சீட்டுக்கு மாறிக்கொண்டாள்.

மே 28, புதன் – கராகோல்

மழை, குளிர். ஸ்வெட்டரை பிஷ்கெக்கிலேயே விட்டு வந்ததற்குக் கடையில் 1,200 சோம் தண்டம்.

துங்கான் பள்ளிவாசலைப் பார்த்தால் புத்தர் கோயில் என்றுதான் நினைப்பீர்கள். வளைந்த கூரை, பச்சை, சிவப்பு, மஞ்சள் மரத்தூண், மினாராவுக்குப் பதில் மரக் கோபுரம். 1910இல் முடிந்தது, ஆணியே அடிக்காமல் கட்டியது. சீனாவில் நடந்த கிளர்ச்சி தோற்று, 1877 வாக்கில் மலை தாண்டி வந்த சீன முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் துங்கான்கள். பணிவாகச் செருப்பைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். அந்நியமாகவே தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பழைய பள்ளிகளின் கல்தூணைப் பார்த்த வடநாட்டுக்காரர் ஒருவர் இது கோயிலா என்று கேட்டது ஞாபகம் வந்தது.

மதியம் அஷ்லியான்-ஃபு. துங்கான் சாப்பாடு. குளிர்ந்த நூடுல்ஸ், வினிகர், பூண்டு, மிளகாய், நடுவே ஸ்டார்ச்சில் செய்த கட்டி. அந்தக் கட்டி நம் நோன்பு திறக்கும் கடற்பாசியேதான், இனிப்பு மட்டும் இல்லை. கிண்ணம் 90 சோம். ஆறு நாளுக்குப் பிறகு நாக்கில் உறைப்பு பட்டது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

மே 30, வெள்ளி – பிஷ்கெக்

இன்று ஆமீனை மெதுவாகச் சொன்னேன்.

மகளோடு நடந்தபோது எண்ணிப்பார்த்தேன். இந்த ஊரில் எல்லாருடைய பள்ளியும் இருக்கிறது. துருக்கியும் கிர்கிஸ்தானும் சேர்ந்து 1995இல் தொடங்கிய மனாஸ் பல்கலைக்கழகம், ரஷ்யாவோடு சேர்ந்த ஸ்லாவிய பல்கலைக்கழகம், அமெரிக்கப் பல்கலைக்கழகம். மலைக்கு அப்பால் நாரினில் இஸ்மாயிலி ஷியாக்களின் தலைவர் ஆகா கான் பங்கெடுத்துத் தொடங்கியது. ஒவ்வொருவரும் கிர்கிஸ்காரர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படம் வைத்திருக்கிறார்கள். கிர்கிஸ்காரர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு பெஷ்பர்மக் சாப்பிட வீட்டுக்குப் போகிறார்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு படம் உண்டு. 2016இல் பிஷ்கெக் தெருக்களில், 'பாவம் மக்களே, எங்கே போகிறோம்?' என்று ஒரு பக்கம் பாரம்பரிய உடைப் பெண்களையும் மறுபக்கம் முகம் மூடும் கறுப்பு நிகாபையும் போட்டுப் பதாகை வைத்தார்கள். இந்த பிப்ரவரியிலிருந்து பொது இடத்தில் முகத்தை மூடினால் 20,000 சோம் அபராதம். முகம் மூடுவதை நான் என் மகளுக்குச் சொன்னதில்லை. ஆனாலும் அபராதம் என்பது எனக்கு ஒப்பவில்லை. என் உம்மா கடைசிவரை வெள்ளைத் துப்பட்டிதான் போர்த்தினார். என் மனைவி கறுப்பு புர்கா, வளைகுடா போன பிள்ளைகள் வாங்கிவந்தது. எங்களையும் அப்படி ஒரு பதாகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால்? மகளிடம் கேட்டேன். "என்னை எந்தப் பக்கம் போடுவாங்க வாப்பா?" என்றாள். அவள் தலையில் கிர்கிஸ் பெண்கள் பின்னால் முடிச்சுப் போடுகிற பூப்போட்ட துணி. வந்த நாளிலிருந்து நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு – காயல்பட்டினம்

வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் மகளுக்கு 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை, எங்களுக்கு 7ஆம் தேதி சனிக்கிழமை. கருவாட்டைப் பொரித்தோம். கடல் ருசி இல்லை என்று மனைவி ஒரு துண்டோடு நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) பயணக் கதை கேட்க வந்தார். நான்தான் தேநீர் ஊற்றினேன். அவர் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"காக்காவுக்கு ஏன் அரை கிளாஸ் கொடுத்தீங்க? வீட்ல பாலா இல்ல?"